சந்தேகம் மேடம்

காலை ஆறு ஐம்பது. சமையலறைக் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன், அதனால் நேரம் சரியாக நினைவிருக்கிறது. என் மகள் ப்ளோரா கல்லூரிக்குக் கிளம்பிக் கண்ணாடி முன் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"அப்பா, நான் யோசிச்சிக்கினு இருக்கேன். அது நல்லாத் தெரியுது. ஆனா இந்தப் பின்னல் போடறது யாருன்னு தெரியலப்பா."

நான் சிரித்தேன். பரீட்சைக்காக இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காதவள், தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். "ரயிலு போயிடும், ஜல்தியா கெளம்பு" என்றேன். விரல்கள் தம்பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருந்தன. முகம் மட்டும் கண்ணாடியில் அறிமுகமில்லாத யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. இது நடந்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போதும் அவள் கண்ணாடி முன் சற்றுக் கூடுதலாக நின்றால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன்.

பத்து நாளில் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சுவரெல்லாம் யாரோ வரைந்து வைத்ததுபோல் இருக்கிறது என்றாள். அம்மா பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கிறது என்றாள். ஒரு மத்தியானம் சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்து, "நான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். நீ இருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. பதில் கிடைக்காதோ என்ற பயம் கண்ணில் இருந்தது.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. விழுப்புரம் மாவட்டத் தலைநகரான புதிதில் எனக்கு அங்கே கருவூலத்தில் வேலை. வீடு திண்டிவனத்தில். தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வருவேன். சீசன் டிக்கெட்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் ஒரே பெட்டியில் ஏறுவோம். எங்கள் யாருக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது, ஆபீஸ் பெயர்தான். நான் 'ட்ரெஷரி'. பொதுப்பணித் துறைக்காரர் 'பி.டபிள்யூ.டி'. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்திவந்த அம்மையாருக்கு மட்டும் ஆபீஸ் பெயர் ஒட்டவில்லை. 'சந்தேகம் மேடம்' என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராகவே. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். மணமாகாதவர். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். சாயங்கால வண்டி விழுப்புரத்தில் வந்து நின்றதும் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பையும் துண்டையும் வீசி இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அது எங்கள் சட்டம். அவருக்கு அந்தச் சட்டம் செல்லாது. ஏறுவார், கர்ச்சீப்பை இரண்டு விரலால் எடுத்து மேலே சாமான் பலகையில் வைப்பார், உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் பி.டபிள்யூ.டி சண்டைக்கு வந்தார்.

"மேடம், அது என் சீட்டு. கர்ச்சீப்பு போட்டிருந்தனே?"

"கர்ச்சீப்பு இருந்துச்சு. பத்திரமா மேல வச்சிருக்கேன். நீங்க எங்க இருந்தீங்க?"

"டீ குடிக்கப் போனேன்."

"அப்ப டீக்கடையில இருந்தீங்க. ஒடம்ப டீக்கடையில விட்டுட்டு ஆளு மட்டும் இங்க உக்கார முடியுமாங்க?"

பெட்டியே சிரித்தது. பி.டபிள்யூ.டி பேரணி ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே வந்தார். அன்றைக்குத்தான் அவர், "எல்லாத்தையும் இப்படிச் சந்தேகப்பட்டு என்னதான் கண்டீங்க?" என்று கடுப்பில் கேட்டார். அம்மையார் அதற்காகவே பல வருடம் காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிரெஞ்சுக்காரரு. நல்ல குளிரு. கணப்பு மூட்டுன ரூம்ல தனியா உக்காந்துக்கினு யோசிச்சாரு. கண்ணு ஏமாத்துது, காது ஏமாத்துது, கனவுகூட நெஜம் மாதிரிதான் இருக்குது. எத நம்பறது? ஒவ்வொன்னாத் தள்ளிக்கினே வந்தாரு. கடைசியா ஒன்னுதான் மிஞ்சிச்சு. இவ்ளோ சந்தேகப்படறதுக்கு ஒருத்தன் இருக்கணும் இல்ல? அந்த ஒருத்தன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்த ஒருத்தன் உள்ள மாட்டிக்கினான். கடவுளக் கூப்புட்டுத்தான் கதவத் தொறக்க வேண்டியதாப் போச்சு. அந்த ஆளு மேல எனக்கு மரியாத உண்டு, அப்படி ஒரு தைரியம் யாருக்கு வரும்? ஆனா அந்தக் கதவ எந்த ஆசாரி செஞ்சான், கணப்புக்கு வெறகு எவன் கொண்டாந்து போட்டான், அத அவரு யோசிக்கல."

முந்நூறு வருடம் கழித்து ஜெர்மன் பேசுகிற ஒரு வாத்தியார் வந்தாராம். பிரெஞ்சுக்காரரை ரொம்ப மதித்தவராம். மதித்துக்கொண்டே திருத்தினாராம். "உலகம் இல்லன்னும் சொல்லாத, இருக்குதுன்னும் சாதிக்காத, அந்த வழக்க ஓரமா வை. உனக்கு என்ன தெரியுது, எப்படித் தெரியுது, அத மட்டும் சொல்லுன்னாரு. சொல்லிப் பாத்தா, நெனப்புன்னு ஒன்னு தனியா உள்ள உக்காந்துக்கினு இல்ல. எந்த நெனப்பும் எதையாவது பாத்துக்கினுதான் இருக்குது. நீங்க இப்ப என் சீட்டையே நெனச்சிக்கினு இருக்கீங்க பாருங்க, அது மாதிரி." அந்த வாத்தியாருக்குப் பின்னால் வந்தவர்கள் உடம்பையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றார். யோசிக்கிற ஆளுக்குக் கையும் காலும் பிற்பாடு மாட்டிவிட்டவை இல்லை என்றார். எனக்குப் பாதி புரிந்தது. பி.டபிள்யூ.டிக்குக் கால் வலித்தது.

'ஓரமா வை' என்பதுதான் அவர். ரயிலில் யார் எந்தப் புகாரோடு வந்தாலும் அதைச் சொல்வார். ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரன் என் தென்னைக்கு மருந்து வைத்துவிட்டான் என்று கொதித்துக்கொண்டு வந்தார். "அத ஓரமா வைங்க. கண்ணால என்ன பாத்தீங்க?" "மட்ட காஞ்சிருந்துச்சு." "சரி. இன்னும்?" இன்னும் ஒன்றும் இல்லை. முண்டியம்பாக்கம் வருவதற்குள் அந்தச் சண்டை செத்துவிட்டது. ஒரு நல்ல கோபத்தைக் கெடுத்துவிட்டாரே என்று அந்த மனிதர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

கல்லூரியில் தத்துவத்துக்கு மாணவர்கள் சேரவில்லை என்று பாடத்தையே எடுத்துவிட்டார்கள். அவருக்கு நன்னெறி வகுப்பும் பரீட்சை மேற்பார்வையும் கொடுத்தார்கள். அவர் விடவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் அறிவிப்புப் பலகையில் தன் கையால் எழுதி ஒட்டுவார்: தத்துவம், புதன் மூன்று மணி, இன்ன அறை. புதன்கிழமை போய் உட்கார்ந்துவிடுவார். யாரும் வரமாட்டார்கள். முதல்வர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "காலி கிளாஸ்ல என்ன மேடம் பண்றீங்க?" என்றாராம். "காலியா? நீங்க பாக்கறப்பவே நான் இங்க உக்காந்துக்கினு இருக்கேனே" என்றாராம் இவர். ஓய்வு பெறும்வரை ஒட்டினார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது ஆபீஸில். எனக்கு உள்ளூருக்கு மாற்றல் ஆகியிருந்தது. ஓய்வூதியர்கள் வருடம் ஒருமுறை நேரில் வந்து உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த நேர்காணல் என் மேசையில்தான். படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் உயிரோட இருக்கேன்னு நானே சொன்னா செல்லாதா, ட்ரெஷரி?"

"செல்லாதுங்க மேடம். நாங்க பாக்கணும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "இத யாராவது அந்தப் பிரெஞ்சுக்காரருகிட்ட சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!" என்று பின்னால் வரிசையில் நின்றவர்களிடம் திரும்பிச் சொன்னார். அவர்கள் வெயிலில் வந்தவர்கள், வரிசையை நகர்த்தச் சொன்னார்கள்.

அன்று வாசலில் ஓர் ஆட்டோவில் வாதம் வந்த பெரியவர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து டிக் அடித்தேன். அம்மையார் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அவரப் பாத்தீங்க. அவரு உங்களப் பாத்தாரா? மூட்டையையும் இப்படித்தான் பாப்பீங்க." எனக்கு எரிச்சல். எழுந்து போய்க் குனிந்து, "ஐயா, பேரு சொல்லுங்க" என்றேன். பெரியவர் கோணிய வாயால் பேரைச் சொல்லி, என் சட்டைப் பொத்தான் ஒன்று போடாமல் இருப்பதை விரலால் காட்டினார். அதன்பிறகு நான் ஜன்னல் வழியாக யாருக்கும் டிக் அடித்ததில்லை. பிற்காலத்தில் இந்த அம்மையார் காலமானபோது அவருடைய ஓய்வூதியக் கோப்பை மூடுகிற தாளும் என் மேசைக்குத்தான் வந்தது. ஒரு நாள் முழுக்கக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். அது விதிப்படி தவறு. தெரிந்துதான் செய்தேன்.

ப்ளோராவுக்கு இப்படி ஆன வருடம், நேர்காணலுக்கு வந்த அம்மையார் என் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து விசாரித்திருக்கிறார். நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் குடை, வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, ஒரு பொட்டலம்.

"என்னப் பாக்க வேண்டிய ஆளு லீவு. அதான் நானே வந்துட்டேன்."

அப்போது நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். வானூரிலிருந்து என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் வந்து, "பொண்ணு எங்கனா எழுந்து போய்ட்டா என்ன பண்ணுவ மாப்ள? ரயில் ரோடு பக்கத்துலதான இருக்குது" என்று பயம் காட்டிவிட்டுப் போயிருந்தார். நான் அவள் அறைக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தேன். அம்மையார் அதைப் பார்த்துவிட்டார்.

"உள்ள யாரு?"

"ப்ளோராதாங்க."

"தாழ்ப்பா போட்டது?"

"நான்தான். மேடம், அவ என்ன பண்ணுவாளோன்னு..."

"தொற."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக என்னை 'நீ' என்று பேசினார். "அந்தப் பிரெஞ்சுக்காரரு உள்பக்கமாச் சாத்திக்கினாரு. பசிச்சா எழுந்து வெளிய வந்திருப்பாரு. நீ இவள வெளிப்பக்கமாச் சாத்தி வச்சிருக்க."

திறந்தேன். அவர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"யாரு நீங்க? டாக்டரா?" என்றாள் ப்ளோரா.

"இல்ல. உங்கப்பா கூட ரயில்ல சண்ட போட்டவ."

"நீங்க நெஜமா?"

"அது அப்புறம். உனக்கு இப்ப எல்லாம் எப்படித் தெரியுது? சொல்லேன்."

ப்ளோரா சொன்னாள். எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரிகிறது, தன் கையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று. நான் பொறுக்காமல், "அப்படிலாம் இல்லம்மா, நீயா நெனச்சிக்கினு..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு ட்ரெஷரி. இல்லன்னு சொல்ல நீ யாரு? அவளுக்கு அப்படித் தெரியுது. தெரியறது பொய் கிடையாது." பிறகு அவளிடம், "கண்ணாடி கிட்டக்க இருக்குதா, எட்டக்கவா?" என்றார். அத்தனை நாளில் என் மகள் சொன்னதை நம்பி மேற்கொண்டு கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் நடந்தது வேறு. அம்மையாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பல வருடமாகக் காலி அறையில் காத்திருந்தவருக்கு, அந்தக் கேள்வியை உயிரோடு சுமந்துகொண்டு ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நீ நிற்கிற இடத்தில் நானூறு வருடத்துக்கு முன் ஒருவர் நின்றார் என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பேசினார். ப்ளோரா கண் கொட்டாமல் கேட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை அவள் படுக்கையை விட்டு எழவில்லை. "பாத்தியா, படிச்சவங்களே சொல்றாங்க. உள்ள மாட்டிக்கினா வெளிய வர முடியாதுன்னு" என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

நான் அம்மையாருக்குப் போன் செய்து, இனிமேல் எங்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றேன். அரை மணியில் வந்து நின்றார். படி ஏறவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பேசினார்.

"தப்பு பண்ணிட்டேன் ட்ரெஷரி. அந்தப் பிரெஞ்சுக்காரரு வேணும்னு சந்தேகத்த எடுத்தாரு, போதும்னு வச்சாரு. அது அவரு கையில இருந்துச்சு. இவள அது புடிச்சிக்கினு இருக்குது. ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சிட்டேன். இத்தினி வருஷம் பாடம் நடத்துனவளுக்கு அது தெரியல." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டார். "ஓரமா வைன்னு சொன்னா அவளால வைக்க முடியாது. டாக்டரப் பாக்கலாம். இன்னிக்கே."

"வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான் மேடம்?"

"இன்னும் வராத மருமவனுக்குப் பயந்துக்கினு, இருக்கற பொண்ண பூட்டி வைப்பியா?"

அன்று மத்தியானமே நாங்கள் நாலு பேரும் புதுச்சேரி பஸ் ஏறினோம். மனநல மருத்துவர் ஒரு பெண். ப்ளோரா சொன்னதை எழுதிக்கொண்டு, இதற்கு ஒரு பெயர் உண்டு, தூக்கமில்லாமலும் பயத்திலும் இப்படி வரும், இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்று, பஸ் நேரம் சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னார். அந்தக் குரலுக்காகவே அவர் காலில் விழலாம்போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த சற்று நேரத்தில், ஸ்டெல்லாவின் அண்ணன் காரோடு வந்தார். கடலோரத்தில் ஒரு ஜெப வீட்டில் பேசி வைத்திருக்கிறாராம். மூன்று மாதம் விட வேண்டும், யாரும் போய்ப் பார்க்கக் கூடாது, முரண்டு பிடித்தால் கட்டிப்போடுவார்கள். ஸ்டெல்லா துணிகளைப் பையில் எடுத்து வைத்திருந்தாள், அழுதுகொண்டே. அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அம்மையார் வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நகரவில்லை.

"யாருங்க நீங்க? சொந்தமா?"

"இல்லைங்க."

"அப்ப நடுவுல உங்களுக்கு என்ன வேலை?"

"பொண்ணு உள்ளதான் இருக்கா. அவளக் கேட்டீங்களா?"

"அதுக்குத்தான் புத்தி தெளிவா இல்லியே. கேட்டு என்னாத்துக்கு?"

"தெளிவில்லன்னா கேக்கக் கூடாதா? திரும்பிப் போறப்ப கார்ல நீங்க தூங்கிட்டா, ஒங்கள எங்க வேணா எறக்கி விட்டுடலாமா?"

"பேஜாரு புடிச்ச பொம்பளையா இருக்கியே!"

"ஆமா. அவளக் கேளுங்க."

ப்ளோரா கதவருகே வந்து நின்றிருந்தாள். மாமா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அம்மையாரும் என்னைத்தான் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இரண்டு வாரமாக நானும் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன், அவளிடம் எதையும் கேட்கவில்லை.

"ப்ளோரா, போறியாம்மா?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்கேனான்னே செரியாத் தெரியல. ஆனா போமாட்டேன்" என்றாள்.

"அவ வரமாட்டா மச்சான். வண்டிய எடு" என்றேன். என் குரல் கீச்சிட்டது. கீச்சிட்டாலும் சொன்னேன். அதன்பின் மூன்று வருடம் வானூர்க்காரர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இல்லாமல் போகட்டும். என் மகளைக் கட்டிப்போடுகிற இடத்துக்குக் கார் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், மனநல டாக்டரிடம்தான் காட்டுகிறோம் என்று தெருவில் நின்றே சொன்னேன். அம்மையாரிடமிருந்து தொற்றிக்கொண்டது அது.

எட்டு மாதம் ஆயிற்று. நல்ல வாரம் வரும், அடுத்த வாரம் மறுபடி கண்ணாடி வரும். அம்மையார் தினமும் மத்தியானம் வருவார். தத்துவம் பேசவே இல்லை. இருவரும் படியில் உட்கார்ந்து மல்லாட்டை உரிப்பார்கள். போகிற வருகிறவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் ப்ளோராவின் விரல்கள் அவள் பாராமலே ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து வாயில் போடுவதைக் கண்டு, "பாரு, ஒன் கை..." என்று நான் கத்தப்போனேன். அம்மையார் கண்ணாலேயே அதட்டி என்னை உள்ளே அனுப்பினார்.

பிறகு அவள் தானாகவே கல்லூரிக்குப் போகிறேன் என்றாள். டாக்டர் சரி என்றார். முதல் நாள் கூடப் போவதற்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மையார் விடவில்லை. "தனியாப் போவட்டும். நீ கூட உக்காந்திருந்தா அவ யோசிக்கறது பூரா ஒன் மூஞ்சியப் பத்தித்தான் இருக்கும்."

சாயங்காலம் ஸ்டேஷனில் போய் நின்றேன். விழுப்புரத்திலிருந்து ஆறு பத்துக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. ஆறரை. ஆறு ஐம்பது. அவளுடைய போன் அணைந்திருந்தது. வழியில் எங்கோ நிற்கிறது என்றார்கள், ஏன் என்று தெரியாது என்றார்கள். விழுப்புரத்திலிருந்து இங்கேவரை உள்ள தண்டவாளம் முழுவதும் என் தலைக்குள் ஓடியது. திரும்பிப் பார்த்தால், தூணுக்குப் பின்னால் அம்மையார் நிற்கிறார். எனக்குச் சொல்லாமல் வந்திருக்கிறார். பிளாட்பார டிக்கெட்டை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எதையும் ஓரமா வைக்க முடியலீங்க."

"எனக்கும் முடியல ட்ரெஷரி" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "என்ன தெரியுது, சொல்லு."

"சிகப்பு வெளக்கு தெரியுது."

"இன்னும்?"

"ஒன்னும் இல்லீங்க."

இருவரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழு இருபதுக்கு அது மாறியது. வண்டி வந்தது, பெட்டி பெட்டியாக ஆட்கள் இறங்கினார்கள், பிளாட்பாரம் நிறைந்து பிறகு காலியாகத் தொடங்கியது. கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து, அறுந்த செருப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டு ப்ளோரா வந்தாள். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னா ரெண்டு பேரும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? விக்கிரவாண்டி தாண்டி ஒரு மணி நேரம் வண்டிய நிறுத்திப் போட்டுட்டான். பூரா நின்னுக்கினே வர்றேன். என் காலு என் உயிர எடுக்குது. தள்ளுங்க, நான் மொதல்ல உக்காரணும்."